அண்ணாவைக் கொன்றவருக்கு மன்னிப்பு கேட்கிறார்கள், நான் கையெழுத்துப் போடுவதா?

கேள்வி:

நான் ஓர் ஆசிரியை. 2011இல் எல்லை வேலிச் சண்டையில் பக்கத்துக் காணிக்காரர் என் அண்ணாவை வெட்டிக் கொன்றார். மேல் நீதிமன்றம் 2017இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. அம்மா சாகும்வரை அந்தப் பக்க யன்னலைத் திறக்கவே இல்லை.

போன மாதம் அவருடைய தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஜனாதிபதிக்கு எழுதிய மனு. "அவனுக்கும் தலை நரைச்சுப் போட்டுது பிள்ளை. நீங்களே ஒரு கையெழுத்து வச்சியளெண்டால் ஜனாதிபதி கட்டாயம் பாப்பார்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பொங்கல் முடிய வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

2018இல் தாயை இழந்த கிளிநொச்சிப் பிள்ளைகளின் தகப்பனை விடச் சொல்லி நானும் கையெழுத்துப் போட்டவள். 2020இல் மிருசுவில் கொலையாளியை விட்டபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியென்றால் நான் இரட்டை நாக்குக்காரியா? என் அண்ணாவை முன்னே பின்னே பார்த்திராத ஒருவர் எங்களைக் கேட்காமல் மன்னிக்க யார்? இந்தக் கையெழுத்தை நான் போடுவதா, வேண்டாமா?

பதில்:

வணக்கம் ரீச்சர். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. அந்த மனுவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருநாளும் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேப்பரில், அந்த வசனங்களுக்குக் கீழே, வாசலில் நின்றபடி போட வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் அதை வாசித்ததாக எழுதவில்லை. இப்படியான மனுக்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். கச்சேரியடியில் யாராவது தட்டச்சு செய்து கொடுப்பார்கள். நடுவில் எங்கேயாவது "இறந்தவரின் குடும்பத்தினராகிய எங்களுக்கு இதில் எவ்வித ஆட்சேபனையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காகத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். கோவைக்குள் போன பிறகு அதை யாரும் கிழிக்க மாட்டார்கள். நாளைக்கு நீங்கள் மனம் மாறி நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து முதலில் வாசிப்பது அதைத்தான்.

சரி, இனி உங்களை உண்மையில் நித்திரை கொள்ள விடாத கேள்விக்கு வருவோம். மன்னிக்க அவர் யார்?

இதில் பாதிக் குழப்பத்தைச் செய்வது அந்தச் சொல். நம் வாயில் மன்னிப்பு என்றால், பட்டவர் மனம் இரங்கி விட்டுக்கொடுப்பது. பேருந்தில் காலை மிதித்தவன் கேட்பதும் மன்னிப்பு, தாலி அறுத்தவள் கொடுப்பதும் மன்னிப்பு. அதே சொல்லைக் கொண்டுபோய் அரசியலமைப்பில் வைத்துவிட்டார்கள். 1978 அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குக் கொடுப்பது வேறு சங்கதி. எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவருக்கு நிபந்தனையோடோ நிபந்தனை இல்லாமலோ மன்னிப்பு அளிக்கலாம், தண்டனையை நிறைவேற்றாமல் தள்ளி வைக்கலாம், கடுமையான தண்டனைக்குப் பதிலாக இலேசானதைப் போடலாம், தண்டனையில் முழுவதையோ ஒரு பகுதியையோ கழித்துவிடலாம். நாலுமே அரசு விதித்த தண்டனையை அரசே குறைத்துக்கொள்கிற வேலைகள். கடைக்காரர் தன் கொப்பியில் எழுதிய கடனைத் தானே வெட்டுவது போல. உங்கள் கொப்பியில் இருப்பதை வெட்டும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை. அவர் பத்து முறை கையெழுத்துப் போட்டாலும் உங்கள் அண்ணாவின் சாவுக்கு நீங்கள் மன்னித்ததாக ஆகாது. நீங்கள் மனதார மன்னித்துவிட்டாலும் அதற்காகச் சிறைக்கதவு திறக்காது. இரண்டும் வேறு வேறு என்பது பிடிபட்டால் உங்கள் நெஞ்சுப் பாரத்தில் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஒன்றாக வந்த ஒரு நாளும் இருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான மைத்திரிபால சிறிசேனவைக் கொல்லச் சதி செய்தார் என்று புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்குப் பொலன்னறுவையில் 10 வருடச் சிறை விதித்தார்கள். 2016 ஜனவரி 8ஆம் திகதி, தான் பதவிக்கு வந்து ஒரு வருடம் நிறைந்த விழாவில், கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்து மேடைக்கு அந்த மனிதரை அழைத்து சிறிசேன விடுதலை செய்தார். பட்டவரும் அவரே, அதிகாரம் உள்ளவரும் அவரே. அதனால் அன்று அது மன்னிப்பாகவே பட்டது. எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது, ஒளிக்க என்ன இருக்கிறது.

அதே சிறிசேன 2019 நவம்பரில், பதவி விட்டு இறங்கும் தறுவாயில், ராஜகிரிய றோயல் பார்க் குடியிருப்பில் 19 வயதுப் பெண்ணைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றவரை விடுவித்தார். அந்தப் பெண் சிறிசேனவுக்கு என்ன உறவு? பெற்றோர் உயிரோடு இருக்க, பலர் கேட்டுக்கொண்டார்கள் என்று சொல்லி ஒருவர் மன்னிக்கிறார். நாடு கொதித்தது. அந்த வருடம் மே மாதம் பொதுபல சேனாவின் பிக்கு ஞானசார தேரர் விடுதலையானதையும் நினைத்துப் பாருங்கள். அவர் மீது நிரூபணமான குற்றம் நீதிமன்ற அவமதிப்பு. அங்கே மனம் இரங்கியிருக்க வேண்டியது யார்?

ஆகவே "எங்களைக் கேட்காமல்" என்று நீங்கள் எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தமிழ்க் கைதிகள் சிலரை விடுவித்தபோது, அவர்களில் சந்திரிகா குமாரதுங்க மீதான கொலை முயற்சியில் தண்டிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை விடுவதற்கு முன் சந்திரிகாவின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றார்கள். கேட்டது நல்ல காரியம். முன்னாள் ஜனாதிபதியிடம் கேட்க முடியுமென்றால், வேலியோரத்தில் அண்ணாவைப் பறிகொடுத்த ரீச்சரிடம் ஏன் கேட்க முடியாது? சட்டப்படி கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இரட்டை நாக்கு.

2018 மார்ச்சில் கிளிநொச்சியில் அந்தச் சாவு வீட்டை நாம் எல்லோரும் படத்தில் பார்த்தோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆயுள் தண்டனை பெற்ற கைதி, மனைவியின் இறுதிக் கிரியைக்காகச் சில மணித்தியாலம் காவலோடு வருகிறார். திரும்பும்போது சின்ன மகள் தகப்பனோடு போவதற்காகச் சிறைச்சாலை வாகனத்தில் தானும் ஏறுகிறாள். அந்த ஒரு படம்தான் ஆயிரக்கணக்கான கையெழுத்தைச் சேர்த்தது. உங்கள் கையெழுத்தும் அதில் ஒன்று.

2020 மார்ச் 26. நாடு கொரோனா ஊரடங்கில் கிடக்கிறது, ஒருவரும் வெளியே வர முடியாது. அன்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச முன்னாள் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவை விடுதலை செய்தார். 2000 டிசம்பரில் மிருசுவிலில் இடம்பெயர்ந்த சனம் தங்கள் வீடுவாசலைப் பார்க்கப் போனது. படையினர் எட்டுப் பேரைக் கொன்று மலக்குழியில் போட்டார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. தப்பி ஓடிய ஒருவர் வாய் திறந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. தீர்ப்பு வர 2015 ஜூன் ஆயிற்று. ஐவர் மீது வழக்கு, நால்வர் விடுதலை, ரத்நாயக்க ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்காக: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றம்.) பதினாலரை வருடம் காத்திருந்து வாங்கிய தீர்ப்பு, ஐந்து வருடம் முடியும் முன்னே ஒரு கையெழுத்தில் போனது.

இரண்டுக்கும் ஒரே உணர்ச்சி வர வேண்டும் என்று யார் சொன்னது? பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். சாதாரண சட்டத்தில் அது எடுபடாது. அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவருக்காகக் கருணை கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நீதிமன்றத்தின் கை எட்டாத இடத்தைச் சரிசெய்யத்தான் இந்த அதிகாரமே வைக்கப்பட்டது. மிருசுவிலில் சரிசெய்ய என்ன இருந்தது? சாட்சி இருந்தார், விசேட மேல் நீதிமன்றம் விசாரித்தது, மேன்முறையீடு முடிந்தது. இந்த நாட்டில் படையினருக்கு எதிரான தீர்ப்பு அத்தி பூத்தாற்போல வருவது. அப்படி வந்ததையும் அழித்துவிட்டால், தீர்ப்பே இல்லை என்றுதான் சனம் எடுக்கும். தீர்ப்பு மலிவாகக் கிடைக்கும் நாட்டில் ஒரு மன்னிப்பு இவ்வளவு சுடாது.

ஆனால் ரீச்சர், ஒரு முள்ளை உங்களிடம் நீட்டாமல் போனால் நான் நேர்மையில்லாதவன். கிளிநொச்சி மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று, அந்தத் தகப்பன் தண்டிக்கப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் எங்கேயாவது இருக்கும், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீர்களா? நான் யோசிக்கவில்லை. நானும் போட்டவன்தான். தென்னிலங்கையில் ரத்நாயக்கவை "ரணவிரு" (போர் வீரன்) என்று கொண்டாடியவர்களும் யோசிக்கவில்லை. நம்மவர் உள்ளே இருந்தால் கருணை, மற்றவர் உள்ளே இருந்தால் நீதி. இந்த வியாதி எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்களுக்கு இப்போது வலிப்பது, முதல் தடவையாக நீங்கள் மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பதால். அதற்குப் பேர் இரட்டை நாக்கு இல்லை.

அந்த வியாதியை ஆட்சியாளர்கள் நன்றாக அறிவார்கள். 2021 ஜூன் 24, பொசன் நாள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருந்த 16 தமிழ்க் கைதிகளை விட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்தான் அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச பாராளுமன்றத்தில் அவர்களுக்காக உருகிப் பேசியிருந்தார். சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அதே நாளில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் வெளியே வந்த செய்தி. 2011இல் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர உள்ளிட்டோரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 2016இல் மரண தண்டனை பெற்றவர் அவர். பால் சோற்றுக்குள் கல்லை மறைத்துப் பரிமாறியது போல இருந்தது. அன்று எனக்குத் தொலைபேசி எடுத்த ஒரு தாய், தன் பிள்ளை அந்தப் பதினாறுக்குள் இருந்தும், "எங்கட பிள்ளையளை வச்சு அவனைக் கொண்டு போட்டாங்கள் தம்பி" என்றார். அந்த 16 பேருக்கும் கிடைத்தது நியாயம்தான். ஆனாலும் அதைத் தனியாக நிமிர்ந்து நிற்க விடவில்லை.

துமிந்த சில்வா விடயத்தில் நடந்தது உங்களுக்கு நேரடியாக உதவும், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகாவும் அடிப்படை உரிமை மீறல் மனுக்களோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2022 மே மாதம் நீதிமன்றம் மன்னிப்பை இடைநிறுத்தியது, அவர் மறுபடி உள்ளே போனார். 2024 ஜனவரி 17ஆம் திகதி அந்த மன்னிப்பே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுத்தில் ஒரு தீர்மானமும் இல்லை, காரணமும் இல்லை, தன்னிச்சையாகச் செய்த காரியம் என்று நீதியரசர்கள் சொன்னார்கள். அதே வருடம் ஜூனில் றோயல் பார்க் மன்னிப்பும் விழுந்தது. அங்கே வழக்குப் போட்டது ஒரு பெண்கள் அமைப்பு. நட்டஈடு கட்டும்படி முன்னாள் ஜனாதிபதிக்கே உத்தரவு. மன்னிப்புப் பெற்றவரோ வெளியே வந்த கையோடு நாட்டை விட்டே போயிருந்தார், அவரைத் திருப்பிக் கொண்டுவர நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். ஜனாதிபதியின் பேனாவுக்கு மேலே ஒன்றும் இல்லை என்ற பழைய பேச்சு இந்த இரண்டு தீர்ப்போடும் முடிந்தது.

மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்புக் கொடுப்பதற்கு 34ஆம் உறுப்புரையிலேயே ஒரு வழித்தடம் போட்டிருக்கிறார்கள். விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரிடம் போய் அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சருக்கு வரும். அமைச்சர் தன் சிபாரிசை எழுதி ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் அண்ணாவின் வழக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். வெசாக், பொசன், சுதந்திர தினத்துக்கு நூற்றுக்கணக்கில் விடுகிறார்களே, அது வேறு. தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள், சின்னக் குற்றக்காரர்கள்தான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில். அதிலும் விளையாட்டு நடக்காமல் இல்லை. 2025 வெசாக்கில் பட்டியலில் இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து வெளியே போய், அந்த விசாரணையில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பில் மரண தண்டனை என்று இருந்தாலும் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தாயின் மகன் தூக்கில் தொங்குவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரணம் ஆயுளாகும், ஆயுள் வருடக் கணக்காகும், ஒருநாள் வெளியேயும் வரலாம். கேள்வி எப்போது, யாருக்குத் தெரிந்து என்பதுதான்.

யாருக்குத் தெரிந்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், சட்டத்தரணியான எனக்கு வழக்குத் தந்த கட்சிக்காரர் ஒரு பெரியவர். மகனைப் பறிகொடுத்தவர். தண்டனை குறைந்து குறைந்து கொலையாளி வெளியே வந்தது அவருக்குத் தெரியாது. ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார். பக்கத்தில் ஒருவன் பையோடு வந்து நின்று, "ஐயா சுகமா இருக்கிறியளா" என்று கேட்கிறான். நிமிர்ந்து பார்த்தால் அவன். பெரியவர் அன்று போக வந்த இடத்துக்குப் போகாமல் நேரே என் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். குடை கையிலேயே இருந்தது. அவன் வெளியே வந்தது பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. "ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே தம்பி" என்றார். அரசாங்கத்தைத்தான் சொன்னார். அப்போது அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு சட்டமும் இல்லை.

இப்போது இருக்கிறது. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் 2015இல் 4ஆம் இலக்கமாக வந்தது. 2023இல் 10ஆம் இலக்கமாகப் புதிதாக இயற்றினார்கள். குற்றவாளிக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ கொடுக்க யோசித்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் வர வேண்டும், அந்தக் குற்றம் தன் வாழ்க்கையை என்ன செய்தது என்பதை எழுத்தில் சமர்ப்பிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்பது 2015 சட்டத்திலேயே வந்துவிட்டது. இறந்தவரின் குடும்பமும் அதில் அடங்கும். ஆனால் உங்கள் விலாசம் எந்தக் கோவையில் இருக்கிறது, அண்ணாவின் பிள்ளைகள் இடம் மாறிவிட்டார்களா என்று கொழும்பில் ஒருவரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அறிவித்தல் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. மேலே மேல் நீதிமன்ற வழக்கு இலக்கம், கைதியின் பெயர், நீங்கள் இறந்தவருக்கு என்ன முறை என்பது. பிறகு சட்டம் பேச வேண்டாம். ஆங்கிலப் பத்திரிகையில் வந்த வாசகங்களைத் திருப்பி எழுத வேண்டாம். "கொடூரமான", "மனிதாபிமானமற்ற" என்ற சொற்களை ஏற்கெனவே தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குள் இறங்கியது ஒரு வரிதான்: அம்மா சாகும்வரை அந்தப் பக்க யன்னலைத் திறக்கவே இல்லை. அதை எழுதுங்கள். எத்தனை வருடம் திறக்கவில்லை, சித்திரை வெயிலிலும் திறக்கவில்லையா, இப்போது யார் திறக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அண்ணாவின் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்போடு நின்றது, காணியைப் பிறகு யார் பார்த்தது, வழக்குக்கு எத்தனை தவணை போய் வந்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தச் சட்டம் கேட்பதும் இதைத்தான்.

முடிவில் உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம். விட வேண்டாம் என்றும் எழுதலாம். தண்டனையைக் குறையுங்கள், ஆனால் எங்கள் ஊரில் வந்து இருக்க வேண்டாம் என்றும் எழுதலாம். மன்னிப்பில் நிபந்தனை விதிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று மேலே சொன்னேனே, பலரும் அதைக் கேட்காமல் விடுகிறார்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை என்றும் எழுதலாம், அது உங்கள் வசனமாக இருக்கட்டும். இன்னும் முடிவு வரவில்லை, முடிவெடுக்கும் முன் என்னிடம் கேளுங்கள் என்று எழுதினாலும் போதும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு அந்தக் கடைசி வரி உங்களுக்குப் பொருந்தும்.

நீதி அமைச்சின் செயலாளர், ஜனாதிபதி செயலகம், சட்டமா அதிபர் திணைக்களம், பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் பாதுகாப்புக்கான அதிகாரசபை நாலுக்கும் பதிவுத் தபாலில் போடுங்கள். பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அண்ணாவின் மனைவி, பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு முதலில் பேசுங்கள். உங்களுக்கு இருக்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இரண்டு விதமான கடிதம் போனாலும் அதில் வெட்கம் இல்லை, ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாமல் போகக் கூடாது.

உங்களைக் கேட்காமலே மன்னிப்பு வந்துவிட்டால் கையில் இருப்பது ஒரு மாதம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அதற்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அதே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். அப்போதுதான் நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதியும் அந்தப் பற்றுச்சீட்டும் பொன்னாகத் தெரியும்.

அப்புறம், அந்தத் தாய். அவரும் வயதான மனுசி, இன்னும் அதே வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மகனுக்காகப் படி ஏறி வருவது குற்றம் இல்லை. ஆனால் அவருக்குப் பதிலாக ஆம்பிளைகள் யாராவது வந்து நின்று கதைத்தாலோ, இரவில் தொலைபேசி வந்தாலோ, பாடசாலைக்கு ஆள் அனுப்பினாலோ அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். பாதிக்கப்பட்டவரை மிரட்டுவதும் மேலே சொன்ன பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

பொங்கலுக்குப் பிறகு அவர் தனியாக வந்தால் வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே இருக்கச் சொல்லுங்கள். தேத்தண்ணி கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனம். "நான் ஜனாதிபதிக்கு என்ரை கையாலை எழுதுறன் அம்மா, என்ன எழுதுறதெண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை" என்று சொல்லுங்கள். அது உண்மையும் கூட. அவர் நீட்டும் பேப்பரை அன்றைக்குக் கையில் வாங்க வேண்டாம்.